கட்டைக் கிரீடமும் கராத்தே அடியும்

மரக்காணத்து உப்பளமும் அந்தக் காலத்து டூரிங் டாக்கீஸும் பயந்தது ஒன்றுக்குத்தான். மழை. தை, மாசியில் பாத்தியைச் சீர்செய்து உவர்நீரைத் தேக்கினால் ஐப்பசி மழை இறங்கும்வரை உப்பு வாரலாம்; அதன்பிறகு அளம் ஏரியாகிவிடும். கீற்றுக் கொட்டகைக்கும் ஏறக்குறைய அதே பஞ்சாங்கம்தான். ஒழுகும் கூரைக்குக் கீழே ஈர மணலில் உட்கார்ந்து படம் பார்க்க யார் காசு கொடுப்பார்கள்? கோடை ராத்திரிகளில்தான் கல்லா நிறையும். அதே கோடையில்தான் இந்த வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்தும் நடக்கும். பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் கடலோர ஊர்களில் 1970களின் கடைசியிலும் 80களிலும் வாழ்ந்த ஒருவர், துரியோதனன் தொடை பிளக்கப்படுவதையும் பார்த்திருப்பார், சட்டையில்லாத சீனத்து வீரன் ஒருவன் இருபது பேரைப் பறந்து பறந்து உதைப்பதையும் பார்த்திருப்பார். இரண்டும் ஒரே பருவத்தில், சில சமயம் ஒரே வாரத்தில்.

மட்டமான சண்டைப்படம் என்று சொல்லிக்கொண்டே விழுந்து விழுந்து ரசிக்கப்படும் ஒரு சரக்கு உலகமெங்கும் உண்டு. ஒட்டுமீசை தொங்கும், கயிறு தெரியும், அடி படுவதற்கு முன்பே ஆள் விழுவான். தமிழ்நாட்டுக் கிராமம் இந்தச் சரக்கை ஏன் இத்தனை இயல்பாக ஏற்றுக்கொண்டது என்பதற்கான விடை சினிமாக் கொட்டகையில் கிடைக்காது. கூத்துக் களரியில் கிடைக்கும்.

கூத்தில் சண்டை எப்படி நடக்கும்? வேடதாரி மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில் பதித்த கிரீடத்தையும் புஜக்கட்டைகளையும் மார்ப்பதக்கத்தையும் சுமந்துகொண்டு நிற்பார். அந்தக் கனத்தோடு களரியைச் சுற்றிச் சுழன்று கிறிக்கி அடிப்பார். கையிலிருக்கும் ஆயுதம் மரமோ தகரமோதான். அடி எதிராளி மேல் படாது. படவேண்டிய அவசியமும் இல்லை. அடி விழுந்ததை மத்தளமும் தாளமும் சொல்லிவிடும். இடையில் கட்டியக்காரன் நுழைந்து ராஜாவையே கிண்டல் செய்துவிட்டுப் போவான். பதினெட்டாம் போர் நாளன்று கோயில் திடலில் மண்ணால் மாபெரும் துரியோதனன் படுத்திருப்பான். வேடம் கட்டிய பீமனும் துரியோதனனும் அதைச் சுற்றி ஓடித் துரத்திக்கொள்வார்கள். கடைசியில் மண்ணுருவத்தின் தொடை பிளக்கும், சிவப்பு நீர் தெறிக்கும், பாஞ்சாலி கூந்தல் முடிவாள். செஞ்சி வட்டாரத்தை மையமாக வைத்துத் திரௌபதி வழிபாட்டை ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டெபைட்டல் 1988-இல் வெளியிட்ட நூலின் துணைத்தலைப்பிலேயே செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை ஒரு பாதை போட்டிருக்கிறார். அந்தப் பாதையில் நடந்து பழகியவர்களுக்குச் சீனத்துச் சண்டைப்படங்களின் ஷாவோலின் மடம் அதிக தூரமில்லை.

சபதம், வனவாசம், குருவிடம் பயிற்சி, பழிதீர்த்தல். பாரதத்தின் எலும்புக்கூடும் இதுதான், ஹாங்காங் சண்டைப்படத்தின் எலும்புக்கூடும் இதுதான். தென்னிந்தியாவின் முதல் கதைப்படமும் இந்த எலும்புக்கூட்டில் ஒரு துண்டைத்தான் எடுத்துக்கொண்டது. ஆர். நடராஜ முதலியார் 1910களின் பிற்பாதியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் எடுத்த பேசாப்படத்தின் பெயர் ‘கீசக வதம்’. திரௌபதியிடம் வாலாட்டிய கீசகனைப் பீமன் வெறுங்கையால் கொல்லும் கதை. அந்தப் படத்தில் இன்று ஓர் அடி நீளம்கூட மிச்சமில்லை. தமிழ் சினிமா மல்யுத்தத்தோடு பிறந்தது என்பதற்குப் பெயர் மட்டுமே சாட்சி.

பேசும்படம் வந்தபின் சண்டைக்காரர்கள் நாடகக் கம்பெனிகளிலிருந்து வந்தார்கள். பி.யு. சின்னப்பாவும் எம்.ஜி.ஆரும் சிறுவர்களாக மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர்கள். வறுமைப்பட்ட வீட்டுப் பிள்ளைகளைக் கம்பெனியில் விட்டுவிடுவது அந்நாளைய வழக்கம். பாட்டு, வசனம், கத்திச்சண்டை எல்லாம் அங்கேதான், அடியும் அங்கேதான். சின்னப்பா சிலம்பத்திலும் தேர்ந்தவர். இந்த வரலாற்றைத் தெரிந்தவர்களுக்கு ஜாக்கி சானின் இளமைக்கதை புதிதாக இருக்காது. 1960களின் தொடக்கத்தில், ஏழு வயதுச் சிறுவனாக, ஹாங்காங்கில் யூ ஜிம்-யுயென் என்ற ஆசிரியர் நடத்திய சீன நாடகப் பள்ளியில் அவரைப் பெற்றோர் ஒப்பந்தம் போட்டு விட்டுச் சென்றார்கள். பீக்கிங் ஆபராவுக்கான குட்டிக்கரணமும் பாட்டும் பிரம்படியும் கலந்த பத்து வருடப் பயிற்சி. சாமோ ஹங், யுயென் பியாவ் ஆகியோரும் அதே பட்டறை. மேடைக்கு மவுசு குறைந்ததும் அந்தப் பிள்ளைகள் சினிமாவில் அடிவாங்க வந்தார்கள். ஹாங்காங் படங்களில் ஆட்கள் அடித்துக்கொள்ளும்போது நடனம்போல் ஒரு தாளம் தட்டுவதன் காரணம் இதுதான். மதுரையிலும் ஹாங்காங்கிலும் சினிமாச் சண்டை மேடையிலிருந்து இறங்கி வந்தது. மேடையின் கணக்கையும் கூடவே கொண்டுவந்தது: சண்டை மெய்யாக இருக்கத் தேவையில்லை, கண்ணுக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

1937-இல் கே. அமர்நாத் இயக்கிய ‘மின்னல்கொடி’யில் கே.டி. ருக்மணி ஆண்வேடமிட்டு அடித்துத் தூள் கிளப்பினார். பம்பாயில் நடிகை நாடியா கையில் சாட்டையோடு ‘ஹன்டர்வாலி’யாக வந்து சுமார் இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. பிறகு சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், ராஜா ராணிப் படங்கள், கத்திச்சண்டைகள். 1960களில் அதே மாடர்ன் தியேட்டர்ஸ் ஜெய்சங்கருக்குத் துப்பாக்கி கொடுத்துத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்டாக ஆக்கியது. 1970களின் தொடக்கத்தில் ஒளிப்பதிவாளர் கர்ணன் குதிரையும் தொப்பியும் வைத்துத் தமிழ் கவ்பாய் படங்களை எடுத்தார். ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ இரண்டும் 1972. அமெரிக்கப் பாலைவனத்துக் கதையைத் தமிழ்நாட்டுப் பொட்டலில் எடுத்த தைரியத்துக்கே அவருக்குத் தனிக்கட்டுரை எழுதலாம்.

1973 மே 11 அன்று ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வெளியானது. ஜப்பான், ஹாங்காங், தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர் என்று கிழக்காசியாவைத் தமிழ்நாட்டுக்கு வண்ணத்தில் காட்டிய படம். அடுத்த இரண்டே மாதத்தில், ஜூலை 20 அன்று, ஹாங்காங்கில் புரூஸ் லீ இறந்துபோனார். ஆகஸ்டில் ‘என்டர் தி டிராகன்’ வெளிவந்தது. நாயகன் உயிரோடு இல்லை, படம் உலகெங்கும் ஓடுகிறது. வியாபாரிகளுக்கு இதைவிடச் சங்கடமான லாபம் அமைந்திருக்க முடியாது.

அவர்கள் கண்டுபிடித்த தீர்வு எளிது. ஆளில்லையா, ஆளைச் செய். தைவானைச் சேர்ந்த ஹோ சுங்-தாவோ ‘புரூஸ் லி’ ஆனார். வோங் கின்-லங் ‘புரூஸ் லே’ ஆனார். கொரியாவிலிருந்து ஒருவர் ‘டிராகன் லீ’ என்று வந்து சேர்ந்தார். செத்துப்போன புரூஸ் லீ நரகத்துக்குப் போய் டிராகுலா, ஜேம்ஸ்பாண்ட், பாப்பாய் எல்லோரையும் சந்திக்கிற படம் 1977-இல் வந்தது. ‘தி குளோன்ஸ் ஆஃப் புரூஸ் லீ’ என்ற படத்தில் விஞ்ஞானி ஒருவர் பிணத்திலிருந்து மூன்று நகல்களை உண்டாக்குவார். போலி புரூஸ்கள் பலரை ஒரே சம்பளப் பட்டியலில் சேர்த்த புண்ணியம் அந்தப் படத்துக்கு. இவற்றையெல்லாம் விடப் புகழ்பெற்ற ஓட்டை ‘கேம் ஆஃப் டெத்’தில் இருக்கிறது. லீ 1972-இல் பாதியில் விட்ட படத்தை 1978-இல் ராபர்ட் கிளவுஸ் மாற்றாள் வைத்து முடித்தார். ஒரு காட்சியில் ஒப்பனை அறைக் கண்ணாடியின் மேல் லீயின் முகத்தை அட்டையில் வெட்டி ஒட்டியிருப்பார்கள். மாற்றாளின் தோளுக்குமேல் அந்த அட்டை அசையாமல் உட்கார்ந்திருக்கும். கதையில் வரும் சவ ஊர்வலத்துக்கு லீயின் உண்மையான இறுதிச்சடங்கின் படச்சுருளையே சேர்த்துக்கொண்டார்கள். சிரிப்பதா, கூசுவதா என்று தெரியாத இடம் அது.

எண்பதுகளில் காட்ஃப்ரே ஹோ என்ற இயக்குநரும் தயாரிப்பாளர் ஜோசப் லாயும் இந்தக் கலையைத் தொழிற்சாலை ஆக்கினார்கள். ஏதோ ஒரு நாட்டில் எடுத்து விலைபோகாத படத்தை வாங்குவது. நான்கைந்து வெள்ளைக்கார நடிகர்களுக்குச் சிவப்பு, மஞ்சள் நிஞ்சா உடுப்பு மாட்டிச் சில சண்டைகளைப் புதிதாக எடுப்பது. இரண்டையும் வெட்டி ஒட்டி, வசனத்தை மாற்றி, ஒரே கதை என்று விற்பது. பழைய படத்து ஆளும் புதிய படத்து ஆளும் ஒரே அறையில் நிற்க முடியாது என்பதால் தொலைபேசியில் பேசிக்கொள்வார்கள். மறைந்து திரியவேண்டிய நிஞ்சாக்கள் நெற்றிப்பட்டையில் ‘நிஞ்சா’ என்று எழுதிக் கட்டிக்கொண்டு வருவார்கள். 1985-இன் ‘நிஞ்சா டெர்மினேட்டர்’ படத்தில் ரிச்சர்ட் ஹாரிசன் கார்ஃபீல்டு பூனை வடிவத் தொலைபேசியில் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு பேசுவார். ஒருசில படங்களுக்கு ஒப்புக்கொண்ட அவர், தாம் நடித்ததாக வெளியான படங்களின் எண்ணிக்கையைப் பார்த்துப் பின்னாளில் திகைத்துப்போனார்.

இந்தியாவுக்குள் இவை நுழைய அரசு இறக்குமதிக் கொள்கையும் ஒருவகையில் வழிவிட்டது. அமெரிக்க நிறுவனங்களோடு இருந்த படஇறக்குமதி ஒப்பந்தம் 1971-இல் காலாவதியாகி 1975-இல்தான் மறுபடி கையெழுத்தானது. ஹாலிவுட் புதுவரவு மெலிந்த அந்த ஆண்டுகளில் வேறு நாட்டுப் படங்களுக்கு இடம் கிடைத்தது. பெருநகரத்தில் ஓடி முடித்த பிரிண்டு, கீறல்களோடும் வெட்டுகளோடும் சிறுநகரத்துக்கு இறங்கும். ஆந்திரத்தின் இப்படிப்பட்ட சிறுநகர அரங்குகளில் ஹாங்காங் படங்கள் பெற்ற வாழ்வை ஆய்வாளர் எஸ்.வி. ஸ்ரீனிவாஸ் விரிவாக எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டுக்கு அப்படியொரு முழு ஆய்வு தேவைப்படுகிறது. ஜப்பானியக் கராத்தேயும் சீனத்துக் குங்ஃபூவும் கொரிய டேக்வாண்டோவும் இங்கே ஒரே பெயரில் ‘கராத்தே படம்’ ஆகிவிட்டன. கதாநாயகன் பெயர் தெரியாவிட்டால் அவர் புரூஸ் லீ. அசல் லீயா போலி லீயா என்று பார்க்க மணல்தரையில் யாருக்கும் நேரமில்லை.

கொட்டகையின் அமைப்பே இந்தப் படங்களுக்குத் தோதாக இருந்தது. 1955-ஆம் ஆண்டுச் சினிமாச் சட்டமும் அதன் 1957-ஆம் ஆண்டு விதிகளும் டூரிங் சினிமாவுக்குக் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் உரிமம் தந்தன; காலம் முடிந்தால் பிரித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போகவேண்டும். ஒரே ஒரு ப்ரொஜெக்டர். சுருள் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போடுவார்கள். ஆகவே இடைவேளை ஒன்றல்ல, மூன்று நான்கு. சீர்காழி கோவிந்தராஜனின் பக்திப்பாட்டு ஒலிபெருக்கியில் கேட்டால் டிக்கெட் கொடுக்கப்போகிறார்கள் என்று பொருள். தரை, பெஞ்சு, சேர் என மூன்று வர்க்கம். மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்காருபவனுக்குத் தரை டிக்கெட்டிலேயே பால்கனி கிடைத்துவிடும். இப்படித் துண்டுதுண்டாக ஓடும் படத்தில் நுணுக்கமான கதை நிற்காது. சண்டை நிற்கும். மொழி புரியவேண்டியதில்லை, சுருள் முன்பின் மாறினாலும் பாதகமில்லை. யார் நல்லவன் என்று முகத்தைப் பார்த்தாலே தெரியும். கெட்டவனுக்கு வெள்ளைத் தாடியும் கெக்கலிப்பும் இருக்கும். கூத்தில் துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்து குரல்கொடுத்துவிட்டு வெளிப்படும்போது வேடத்தின் நிறத்தைப் பார்த்தே ஆளைக் கண்டுகொள்ளும் கண்கள் இவை. ஒட்டுத்தாடி அவற்றுக்கு உறுத்தவில்லை.

1978-இல் வந்த ‘தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்’ இந்த வகையில் மட்டமான படம் அல்ல. லாவ் கார்-லெயுங் இயக்கிய செம்மையான படம். மடத்துக்கு வரும் இளைஞன் ஒவ்வோர் அறையாகப் பயிற்சி பெறுகிறான். கைகளில் கத்தியைக் கட்டிக்கொண்டு வாளிநீர் சுமக்கிறான், தண்ணீரில் மிதக்கும் கட்டைகள்மேல் ஓடுகிறான், நீளக்காம்புச் சுத்தியலால் மணி அடிக்கிறான். உடலுழைப்பே கதையாக ஓடும் அந்தப் பகுதி, நாள் முழுதும் உடலால் உழைப்பவர்களுக்குப் பாடம் நடத்தாமலே புரிந்திருக்கும். படத்தைத் தயாரித்த ஷா சகோதரர்களுக்கும் தமிழருக்கும் ஒரு பழைய உறவும் உண்டு. அவர்கள் சிங்கப்பூரில் மலாய்ப் படங்கள் எடுத்த காலத்தில் இயக்குநர்களில் பலர் இந்தியர்கள், தமிழரான எல். கிருஷ்ணன் 1950-இல் இயக்கிய ‘பக்தி’யில்தான் மலாய்த் திரையின் மாபெரும் நடிகர் பி. ராம்லி முதன்முதலாகக் கதாநாயகன் ஆனார்.

சென்னைத் தயாரிப்பாளர்கள் சும்மா இருப்பார்களா? 1983 பொங்கலுக்கு ஏவிஎம் வெளியிட்ட ‘பாயும் புலி’யில், எஸ்.பி. முத்துராமன் இயக்கத்தில் ரஜினிகாந்த் தற்காப்புக் கலை பயின்று ஜெய்சங்கரைப் பழிவாங்கினார். பயிற்சிக் காட்சிகளில் ஷாவோலின் மடத்தின் சாயலை மறைக்க யாரும் முயலவில்லை. நேற்றைய ஜேம்ஸ்பாண்ட் இன்றைய வில்லன். அடுத்த ஆண்டு ராம நாராயணன் ‘நன்றி’ படத்தில் கராத்தே தெரிந்த கன்னட இளைஞர் அர்ஜுனைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். ராம நாராயணன் தனி ரகம். ஒன்பது மொழிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைச் சிக்கனமாகவும் மின்னல் வேகத்திலும் எடுத்தவர். ஆளுக்குச் சம்பளம் கொடுத்துக் கட்டாது என்றோ என்னவோ, யானை, குரங்கு, பாம்பு ஆகியவற்றையும் சண்டைக்கு இறக்கினார். 1990-இன் ‘ஆடி வெள்ளி’யில் யானைக்குக் கிடைத்த கைதட்டல் பல கதாநாயகர்களுக்குக் கிடைத்ததில்லை.

அப்போது பெயருக்கு முன்னால் அடி வைப்பது ஒரு பட்டமாகவே ஆனது. ஜூடோ ரத்னம், கராத்தே மணி, ராம்போ ராஜ்குமார், ஜாகுவார் தங்கம். குடியாத்தத்தைச் சேர்ந்த ஜூடோ ரத்னம் 1,200-க்கும் மேற்பட்ட படங்களுக்குச் சண்டை அமைத்ததற்காகக் கின்னஸில் இடம்பெற்று, 2023 ஜனவரியில் மறைந்தார். கராத்தே ஆசிரியரான ஷிஹான் ஹுசைனி 1986-இல் ‘புன்னகை மன்னன்’ மூலம் திரைக்கு வந்தார். ஊர் ஊருக்குப் பள்ளி மைதானங்களில் வெள்ளை உடுப்புப் பிள்ளைகள் ‘ஹா, ஹூ’ என்று கத்தத் தொடங்கிய காலமும் இதுதான்.

சிக்கனச் சண்டை எப்படித் தயாராகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் ரசனை கூடும். குத்துக்கும் முகத்துக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருக்கும். குத்துபவனின் முதுகுக்குப் பின்னால் கேமராவை வைத்தால் அந்தச் சாண் மறைந்துவிடும். கேமராவைக் கொஞ்சம் மெதுவாக ஓடவிட்டு எடுத்தால் திரையில் கைகால் பறக்கும். மதிலிலிருந்து பின்பக்கமாகக் குதிப்பதை எடுத்துச் சுருளைத் தலைகீழாக ஓட்டினால் ஆள் தரையிலிருந்து மதில்மேல் தாவுவான். அவன் மேலே போகும்போது புழுதி மட்டும் தரைக்குள் போவதைக் கவனித்தவன் பாக்கியசாலி. டிராம்போலின், ரோப், டூப். விழுவதற்கு வெற்று அட்டைப்பெட்டிகள். கிளைமாக்ஸுக்குப் பூட்டிக் கிடக்கும் மில்லோ குடோனோ, அடுக்கிவைத்த காலி டிரம்கள். பிறகு ஒலிக்கூடத்தில் ‘டிஷ்யூம்’. இதில் ஏதாவது ஒன்று பிசகினால் மறுபடி எடுக்கவேண்டும். மறுபடி எடுக்க பிலிம் வேண்டும், பிலிமுக்குக் காசு வேண்டும். காசில்லாதவன் பிசகை அப்படியே படத்தில் வைத்துவிடுகிறான். பெரிய படத்தில் ஒளிந்துகொள்ளும் உழைப்பு சின்னப் படத்தில் வெட்டவெளிச்சமாகத் தெரிவது இதனால்தான்.

மட்டமான சண்டைப்படத்தின் கவர்ச்சி இங்கேதான் இருக்கிறது. மாயம் தோற்கும் இடத்தில் மனிதன் தெரிகிறான். கயிறு தெரியும்போது, அதில் ஒருவன் தொங்குகிறான் என்பதும் தெரிகிறது. கூத்து பார்ப்பவருக்கு இது சாதாரணம். கிரீடம் நழுவினால் வேடதாரி ஒரு கையால் பிடித்துக்கொண்டே பாடுவார், கூட்டம் அதையும் சேர்த்து ரசிக்கும்.

உகாண்டாவில் கம்பாலாவின் வகாலிகா சேரியில் ஐசக் நப்வானா 2010-இல் எடுத்த ‘ஹூ கில்டு கேப்டன் அலெக்ஸ்?’ இதற்கு இன்னொரு சான்று. இருநூறு டாலருக்கும் குறைவான செலவில் எடுத்ததாகச் சொல்லப்படும் அந்தப் படத்தில் ‘புரூஸ் யூ’ என்றொரு குங்ஃபூ வீரன் வருகிறான். படம் ஓடும்போதே வி.ஜே. எம்மி என்பவர் மேலே குரல்கொடுத்துக் கதாபாத்திரங்களைக் கிண்டல் செய்வார், அடுத்து வரப்போகும் சண்டைக்குக் கட்டியம் கூறுவார், பார்வையாளரை உசுப்புவார். கம்பாலாவில் அவருக்கு என்ன பட்டமோ, விழுப்புரம் மாவட்டத்தில் அவர் கட்டியக்காரன்.

கொட்டகைகளை முதலில் அடித்தது டெக். எண்பதுகளின் நடுவில் டிவியையும் வீடியோ டெக்கையும் வாடகைக்கு எடுத்துத் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் விடியவிடிய மூன்று படம் போடும் பழக்கம் வந்தது. பெரியவர்களுக்கு ஒரு சாமிப்படம், எல்லோருக்கும் ஒரு ரஜினி படம், கடைசியில் பாதிப்பேர் தூங்கியபின் ஒரு கராத்தே படம். பிறகு கேபிள், பிறகு தமிழ் பேசும் ஜாக்கி சான். அந்த ஜாக்கி சானே 2008 ஏப்ரலில் ‘தசாவதாரம்’ பாடல் வெளியீட்டுக்குச் சென்னை வந்து மேடையேறினார்.

2011 தீபாவளிக்கு ‘ஏழாம் அறிவு’ வந்தபோது குங்ஃபூ நம்முடையது என்ற பெருமிதம் கிளம்பியது. காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் போதிதருமர் சீனத்துக்குக் கற்றுக்கொடுத்தார் என்பது கதை. கேட்க இனிக்கிறது, ஆனால் சான்று மெலிவு. ஆறாம் நூற்றாண்டுச் சீனக் குறிப்பு ஒன்று அவரைப் பாரசீகத்தார் என்கிறது. இன்னொன்று தென்னிந்திய அரசரின் மூன்றாம் மகன் என்கிறது. அவரை உடற்பயிற்சியோடு இணைக்கும் ‘யீஜின் ஜிங்’ என்ற நூல் 1624 அளவில் தோன்றியது. அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிந்தையது. மரக்காணத்தைச் சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினத்தோடு அறிஞர்கள் பொருத்துகிறார்கள். பழந்துறைமுகம் என்பதால், போதிதருமர் கப்பலேறியது இங்கேதான் என்று யாராவது ஒருநாள் படம் எடுக்கக்கூடும். எடுக்கட்டும், நிறைய கயிறு தெரியவேண்டும் என்பதே வேண்டுதல். ஆனால் கடல்வழி உறவுக்குச் சான்று தேடுபவர்கள் தொன்மத்தைவிட பாய்ஸ் கம்பெனியையும் பீக்கிங் ஆபராவையும் பார்ப்பது பயன் தரும்.

இணையக் காலத்தில் சிரிப்பின் தன்மை மாறிவிட்டது. 2001-இன் ‘நரசிம்மா’வில் விஜயகாந்துக்கு ஷாக் கொடுக்கப்போய் மின்சாரமே தோற்றுப்போகும் காட்சி துண்டாக வெட்டப்பட்டுக் கைபேசிக்குக் கைபேசி பறந்தது. சுவரில் காலை உதைத்துத் திரும்பி அடிக்கும் அவருடைய பாணியும் கேலிப்பொருளானது. அரங்கில் அதைப் பார்த்தவர்கள் சிரிக்காமலா இருந்தார்கள்? சிரித்தார்கள், விசிலும் அடித்தார்கள். துண்டுக்காட்சியில் சிரிப்பு மட்டும் மிஞ்சி விசில் கழன்றுவிட்டது. மேட்டிமையோடு சிரிப்பது எளிது. அப்படிச் சிரிக்கும் கண்களுக்குக் கூத்தும் இப்படித்தான் தெரியும்.

எல்லாவற்றையும் கவர்ச்சி என்று மன்னித்துவிடவும் முடியாது. தங்கையையோ காதலியையோ சிதைத்தால்தான் நாயகனுக்குக் கோபம் வரும் என்ற வழக்கத்தை இந்தப் படங்கள் அலுக்காமல் ஓட்டின. அதில் ரசிக்க ஒன்றுமில்லை. பாஞ்சாலி தானே சபதம் செய்தாள், தானே கூந்தல் முடித்தாள். அந்த அளவில் கூத்து இவற்றைவிட முன்னேறியது. மெத்தை இல்லாமல் விழுந்து எலும்பு முறித்துக்கொண்ட ஸ்டன்ட் கலைஞர்களின் பெயர்கள் டைட்டிலில் ‘மற்றும் குழுவினர்’ என்ற சொல்லுக்குள் அடங்கிப்போயின. பொன்னம்பலம்போல அந்தக் கூட்டத்திலிருந்து முகம் தெரியும் வில்லனாக உயர்ந்தவர்கள் சிலரே.

இந்த வரலாற்றில் பெரும்பகுதி தடமின்றிப் போய்க்கொண்டிருக்கிறது. ஓடி முடிந்த பிரிண்டுகளை வெள்ளி பிரித்தெடுக்கவும் பழைய சரக்காகவும் விற்றுவிட்டார்கள். கொட்டகைகளின் இடத்தில் கல்யாண மண்டபங்களும் மனைப்பிரிவுகளும் வந்துவிட்டன. கராத்தே படங்களுக்குத் தட்டி எழுதியவர்கள், குதிரைவண்டியில் மைக் கட்டி விளம்பரம் செய்தவர்கள், சுருள் பெட்டியைச் சைக்கிளில் அடுத்த ஊருக்குக் கொண்டுபோனவர்கள் பலர் முதுமையில் இருக்கிறார்கள். மரக்காணம், திண்டிவனம், கூனிமேடு பக்கத்து வீடுகளின் பரணில் அந்தக் காலத்துச் சினிமா நோட்டீஸோ பாட்டுப் புத்தகமோ டிக்கெட் கட்டோ கிடந்தால் எடைக்குப் போட்டுவிட வேண்டாம். சென்னைத் தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இப்படிப்பட்ட காகிதங்களைப் பாதுகாத்துவருகிறது; அங்கே கொடுக்கலாம். கொட்டகையில் வேலை பார்த்த தாத்தா வீட்டில் இருந்தால், அவர் பேசும்போது கைபேசியில் பதிவுசெய்து வையுங்கள்.